அசையாமல் படுத்திருந்த கதை

மெட்டியைக் கழற்றத்தான் அதிக நேரம் ஆனது. கல்யாணத்தன்று போட்டது, விரல் பருத்துவிட்டது, மெட்டி அப்படியேதான் இருந்தது. மூளையை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் ஆய்வு மையத்தின் கழிப்பறையில் ஒற்றைக் காலில் நின்று சோப்பைத் தேய்த்துத் திருகித் திருகி எடுத்தேன். மூக்குத்தியின் திருகாணிக்கு முந்தின இரவே தேங்காய் எண்ணெய் வைத்தாகிவிட்டது. "வெள்ளியும் தங்கமும் காந்தத்தில் ஒட்டாதே?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஒட்டாது. ஆனால் மின்சாரம் கடத்தும், ரேடியோ அலை பட்டால் சூடாகலாம். உள்ளே வேறு என்ன கலந்திருக்கிறதென்று உனக்குத் தெரியுமா?" என்றாள் ஆய்வு மாணவி. தெரியாது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "தாலியையுமாடி?" என்று ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் படிக்க வந்த இரண்டாவது மாதம் இது. மூளை ஆய்வுக்கு ஆள் தேவை, இரண்டு மணி நேரம், கொஞ்சம் பரிசுக் கூப்பன் என்று நோட்டீஸ் பார்த்துப் பெயர் கொடுத்திருந்தேன். இந்த ஊரில் மனிதர்களுக்கான ஸ்கேனர்கள் 3, 7, 9.4 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) என்று மூன்று அளவில் இருக்கின்றன. எனக்கு ஏழு. ஊரில் முதுகுவலிக்கு எடுக்கும் எம்ஆர்ஐ பெரும்பாலும் 1.5 அல்லது 3. ஏழு டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 1,40,000 மடங்கு. அந்த எண்ணைப் படித்த பிறகு விண்ணப்பத்தில் இருந்த கேள்விகள் எதுவும் அசட்டுத்தனமாகத் தெரியவில்லை: இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, எப்போதாவது வெல்டிங் வேலை செய்து கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா, காப்பர்-டி இருக்கிறதா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, கர்ப்பமா. தற்செயலாக மூளையில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் டாக்டருக்குச் சொல்லலாமா என்று ஒரு வரி. அதில் கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

படுக்கை உள்ளே நகரும்போது தலை சுற்றியது. படுக்கை நேராகத்தான் போகிறது. எனக்கோ மலைப்பாதையில் பஸ் வளைந்து திரும்புவது போல இருந்தது. உள்காதில் இருக்கும் திரவத்தில் சின்னதாக ஒரு மின்னோட்டம் ஓடுகிறதாம், அதைக் காந்தம் பிடித்துத் தள்ளுவதால் உடம்பு திரும்புகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. அதனால்தான் படுக்கையை மெல்ல ஊர விடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் அடங்கியது. காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன், தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி சிக்னலை வாங்கும் காயில், வலது கையில் ஆபத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பந்து. இடது கை விரல் நுனி ஒவ்வொன்றிலும் அதிரும் சின்னப் பொத்தான்.

வேலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை வரிசையாக, விரலுக்கு 4 விநாடி, பொத்தான் அதிரும். 20 விநாடிக்கு ஒரு சுற்று. நடுநடுவே ஒரு விரலைச் சொல்லாமல் தாண்டிவிடும். வரப்போகிறது என்று எதிர்பார்த்தும் வராதபோது மூளை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. நான் சும்மா படுத்திருக்க வேண்டும். எட்டு எட்டு நிமிடமாக ஆறு ரன்.

படுத்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள் கழித்து மெயில் வந்தது: மன்னிக்கவும், தரவைப் பயன்படுத்த முடியவில்லை, இன்னொரு முறை வர முடியுமா?

எனக்கு உள்ளூரக் கோபம். போய்க் கேட்டேன். ஆய்வு மாணவி கணினியில் ஆறு கோடுகள் உள்ள படத்தைக் காட்டினாள். தலை மூன்று திசையில் எவ்வளவு நகர்ந்தது, மூன்று வாட்டத்தில் எவ்வளவு திரும்பியது என்பதன் வரைபடம். மூன்றாவது ரன்னில் கோடு மெல்லச் சரிந்துகொண்டே போயிற்று. "இங்கே தூங்கிவிட்டாய். தலை மெத்தைக்குள் இறங்கியிருக்கிறது." மற்ற இடங்களில் குட்டிக் குட்டி முட்கள். அவற்றுக்கு இடையே ஒழுங்கான ஓர் இடைவெளி இருந்தது, அதுதான் அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆறு வருஷம் பாட்டு கிளாஸ் போனவள் நான். விரல்கள் வரிசையாக அதிர்ந்தால் கை தானாகத் தாளம் போடப் பார்க்கும். அதிலும் ஆதி தாளத்தில் எண்ணிக்கை சுண்டுவிரலில் தொடங்கும். இங்கே கட்டைவிரலிலிருந்து வருகிறது. தலைகீழாக வருவதைச் சரிசெய்துகொள்ள ஒவ்வொரு சுற்றிலும் என் கை லேசாக இறுகியிருக்கிறது, தோள் அசைந்து, அது தலை வரை போயிருக்கிறது. மொத்தம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

அரை மில்லிமீட்டருக்கா இவ்வளவு என்று கேட்டால், ஆமாம். மூளையின் மேலுறையான புறணியின் தடிமனே 2 முதல் 4 மில்லிமீட்டர்தான், அதற்குள் ஆறு அடுக்கு. மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ வழக்கமாக மூளையைப் பக்கத்துக்கு 2 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய கனசதுரங்களாகப் பார்க்கிறது; ஒரு கனசதுரத்துக்குள் அடுக்குகள் எல்லாம் கலந்துபோய்விடும். இங்கே 0.8 மி.மீ. பக்கம் சிறுத்தால் கன அளவு பதினாறில் ஒரு பங்காகிறது, வரும் சிக்னலும் அதே விகிதத்தில் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் ஏழு டெஸ்லா. தொடுகைச் செய்தி பெரும்பாலும் நடு அடுக்குக்கு வருகிறது. மூளையின் மற்ற பகுதிகள் திருப்பி அனுப்புவது மேலடுக்குக்கும் அடியடுக்குக்கும் போகிறது. உண்மையான அதிர்வையும் வெறும் எதிர்பார்ப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இந்த அளவு நுணுக்கம் வேண்டும். தலை கொஞ்சம் நகர்ந்தால் நடு அடுக்கு மேலடுக்கின் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மென்பொருளால் பின்னால் கொஞ்சம் திருத்தலாம், ஆனால் திருத்தத் திருத்தப் படம் மங்குகிறது.

கோபம் போய்விட்டது. அப்புறம் பயிற்சிதான். வீட்டில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை அசையாமல் இருந்து பார்த்தேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மூக்கு அசைஞ்சுது" என்று கணக்குச் சொன்னார்.

இரண்டாம் முறை அவளும் ஒரு வித்தை செய்தாள். நெற்றிக்குக் குறுக்கே, பொட்டு வைக்கும் இடத்தில், ஒரு டேப்பை ஒட்டி இரண்டு முனையையும் காயிலோடு சேர்த்துவிட்டாள். தலையை அது கட்டிப்போடாது. தலை துளி நகர்ந்தாலும் தோல் இழுபடும், நமக்குத் தெரிந்துவிடும். இடது கைக்கு அடியில் தலையணை. விரல்களின் வரிசையையும் எனக்காகத் திருப்பி, சுண்டுவிரலிலிருந்து தொடங்கும்படி மாற்றியிருந்தாள். எல்லாருக்கும் இப்படி மாற்றித் தருவார்களா தெரியாது, கேட்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் படம் பார்த்தேன். வலது மூளையில், நடுப் பள்ளம் என்ற மடிப்பின் பின்சுவரில், ஐந்து நிறங்கள் வரிசையாக: கீழே கட்டைவிரல், மேலே சுண்டுவிரல். என் கை அங்கே இருந்தது. ஓரிடத்தில் பளிச்சென்று ஒரு திட்டு. நான் அதைக் காட்டி வியந்தேன். "அது சிரை" என்றாள். செயல்படும் இடத்துக்குத் தேவைக்கு மேல் புது ரத்தம் பாய்கிறது, ஆக்சிஜன் இழந்த ரத்தத்தின் பங்கு குறைகிறது, அந்தக் காந்த வித்தியாசத்தைத்தான் இயந்திரம் பிடிக்கிறது. 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி. ஆனால் அந்த ரத்தமெல்லாம் மேற்பரப்புச் சிரைகளில் வந்து வடிவதால் மேலடுக்கு எப்போதும் கூடுதலாகவே மின்னும். அழகாகத் தெரிவதை நம்பாதே என்பது அவர்கள் வேலையில் பாதி போலிருக்கிறது.

ஆறு கோடுகளையும் காட்டச் சொன்னேன். ஏறக்குறைய நேராக இருந்தன. ஐந்தாவது ரன்னின் கடைசியில் மட்டும் ஒரு முள்.

"எச்சில் விழுங்கினேன்" என்றேன்.

"தெரியும். எல்லாரும் அங்கேதான் விழுங்குவார்கள்."