அஞ்சு வருஷ ஐடி பிளானும் அதுல வர்ற நாலாவது வருஷமும்

அரசுத்துறை நிறுவனங்களுக்கு ஐடி ஸ்ட்ராட்டஜிக் பிளான், அதாவது அடுத்த சில வருஷத்துக்கு என்ன சிஸ்டம் வாங்கணும், எவ்வளவு செலவாகும்ங்கற திட்டம், போடுற வேலையிலதான் ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கேன், சில சமயம் உள்ளயே உக்காந்து, சில சமயம் வெளிய இருந்து கன்சல்டன்ட்டா. இப்பல்லாம் யாராவது ஒரு பிளானைக் கொண்டுவந்து குடுத்தா விஷன், மிஷன் பக்கத்தையெல்லாம் தள்ளிட்டு நேரா கடைசில இருக்குற செலவு டேபிளுக்குத்தான் போவேன், அங்கயும் நாலாவது வருஷத்துக்கு என்ன போட்டிருக்காங்கன்னுதான் முதல்ல பாப்பேன். முதல் வருஷத்துக்கு சர்வர், லைசென்ஸ், நெட்வொர்க், டிரெய்னிங்னு பக்கம் நெறைய இருக்கும். ரெண்டாவது வருஷம் கொஞ்சம் மெலியும். நாலாவதுக்கு வந்தா "பராமரிப்பு"ன்னு ஒத்தை வரி, அதுவும் முந்தின வருஷத் தொகை மேல பத்து பர்சென்ட் ஏத்தி எக்செல்ல இழுத்து விட்டது.

ஏன் இப்படின்னா காசு ஒதுக்குற முறையே அப்படித்தான். புது சிஸ்டம் வாங்குறது மூலதனச் செலவு, ஒரு தடவை ஃபைல் நகர்ந்தா போதும், திறப்பு விழா இருக்கு, ஃபோட்டோ இருக்கு. அதை ஓட்டுறது வருஷா வருஷம் வர்ற செலவு, சம்பளம் கரண்ட் பில் வாடகைன்னு வரிசையில நிக்கிறதுங்களோட மல்லுக்கட்டித்தான் வாங்கணும். இதுல நிதியாண்டு முடியுறதுக்குள்ள செலவு பண்ணலன்னா பணம் திரும்பிப் போயிடும்ங்கற பயம் வேற, கடைசி மாசம் அவசர அவசரமா ஹார்டுவேர் வாங்கி அடுக்குவாங்க, பெட்டியே பிரிக்காம வாரண்டி முடிஞ்சுபோன ஸ்டோரேஜெல்லாம் நான் பாத்திருக்கேன். பிளான்ல கையெழுத்துப் போட்டவர் நாலாவது வருஷம் அந்த சீட்ல இருக்க மாட்டார். மீட்டிங்ல இருக்குற அத்தனை பேருக்கும் இது தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

சின்ன ஆபீஸ்லதான் இந்தக் கதைன்னு நினைக்காதீங்க. அமெரிக்க கூட்டரசோட ஐடி செலவை அங்க இருக்குற ஜிஏஓங்கற தணிக்கை அமைப்பு 2016ல அலசிப் பாத்துச்சு. 2015 நிதியாண்டுல 8,000 கோடி டாலருக்கு மேல ஐடிக்குப் போச்சு, அதுல 75 சதவீதத்துக்கும் மேல ஏற்கனவே இருக்குறதை ஓட்டுறதுக்கும் பராமரிக்கிறதுக்குமே போயிருக்கு. அணு ஆயுதப் படைகளை ஒருங்கிணைக்குற சிஸ்டம் ஒண்ணு 8 இன்ச் ஃப்ளாப்பியில ஓடிட்டு இருந்த விஷயமும் அந்த அறிக்கையிலதான் வந்துச்சு, செய்தியெல்லாம் அதைப் பத்தியேதான். எனக்கு என்னவோ அதைவிட வரித்துறை கேஸ்தான் மனசுல நின்னுச்சு. வரி கட்டுறவங்க கணக்கு வச்சிருக்குற மாஸ்டர் ஃபைல், 1960கள்ல இருந்து ஓடிட்டு இருந்துச்சு, அசெம்பிளிங்கற ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் மொழியில எழுதினது. மாத்துறதுக்கு அப்ப பொதுவா ஒரு திட்டம் இருந்துச்சு, உறுதியான தேதி மட்டும் இல்ல. நான் பாக்குற பிளான்கள்ல நாலாவது வருஷத்துல இருக்குற ஒத்தை வரியும் இதே ஜாதிதான்.

தேதி போட்டு, மிச்சமாகப் போற காசையும் முன்னாடியே எண்ணி வச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு கனடாவோட ஃபீனிக்ஸ் சம்பள சிஸ்டத்தைப் பாக்கணும். வருஷத்துக்கு 7 கோடி டாலர் மிச்சம்னு கணக்கு போட்டாங்க, அதை நம்பி சம்பளப் பிரிவுல அனுபவம் இருந்த ஆளுங்களைக் குறைச்சு ஒரே மையத்துக்குக் கொண்டு போனாங்க, பட்ஜெட்டுக்குள்ள முடிக்கணும்னு சில வசதிகளை எடுத்துட்டாங்க, முழு அளவுல பைலட், அதாவது சோதனை ஓட்டம் கூட ஓட்டாம 2016ல இறக்கிட்டாங்க. பத்தாயிரக்கணக்கான ஊழியர்களுக்கு சம்பளம் குறைஞ்சும் கூடியும் வராமலும் போச்சு. கேட்டா சாஃப்ட்வேர் கோளாறும்பாங்க. என்னைக் கேட்டா அதுல பாதி பிளானிங் கோளாறு. கிழிஞ்ச பே ஸ்லிப்பைப் பாத்ததும் "இவருக்கு போன வருஷம் ஆக்டிங் அலவன்ஸ் (மேல் பதவியை தற்காலிகமாப் பாத்ததுக்கான படி) இருந்துச்சே"ன்னு சொல்லத் தெரிஞ்ச மனுஷனை எந்த டேபிள்லயும் செலவைக் குறைக்குற வரியாத்தான் போடுறாங்க, சிஸ்டத்தோட ஒரு பாகமா யாரும் போடுறதில்ல.

அதனால நான் போற இடத்துல முதல் வேலை, இப்ப என்னென்ன ஓடுதுன்னு பட்டியல் எடுக்குறது. கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா சுவாரசியமே இங்கதான். ஐடி பிரிவு குடுக்குற லிஸ்ட்ல இருக்குறதை விட இல்லாததுதான் எப்பவும் அதிகம். ஒரு நிறுவனத்துல ஸ்டோர் ரூம் மூலையில பழைய டெஸ்க்டாப் ஒண்ணு ஓடிட்டே இருந்துச்சு, மானிட்டர் கூட இல்ல. இது என்னன்னு கேட்டேன். "தெரியல சார், ஆனா ஆஃப் பண்ணா மாசக் கடைசில ஃபோன் வரும்"னாங்க. நோண்டிப் பாத்தா ரெண்டு பிரிவோட சிஸ்டத்துக்கு நடுவுல ஃபைலை ஒரு ஃபார்மட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துற சின்ன புரோகிராம், ரிடையர் ஆன ஒருத்தர் அவரா எழுதினது. அந்த ரெண்டு சிஸ்டத்தையும் மாத்துறதுக்கு பெரிய பெரிய தொகையா ஒதுக்கியிருந்தாங்க, நடுவுல இருந்த இதுக்கு பிளான்ல ஒரு வரி கூட இல்ல.

இன்னொரு இடம். கவுண்டர்ல ஒரு அம்மா சிஸ்டத்துல என்ட்ரி போட்டுட்டே பக்கத்துல ஒரு நோட்டுலயும் எழுதிட்டு இருந்தாங்க. எதுக்கு மேடம் ரெண்டு வேலைன்னேன். "சிஸ்டம் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பேர்தான் எடுக்கும் சார், கூட்டா வந்தா ரெண்டாவது ஆள் பேரை இதுல குறிச்சு வச்சுக்குவேன், நாளைக்கு அவங்க வந்து நின்னா நான் எங்க போவேன்?"ன்னாங்க. அந்த நோட்டுல ஒவ்வொரு பேருக்கும் நேரா விண்ணப்ப நம்பரை சிவப்பு மையில எழுதி, முடிஞ்சதுக்கு ஓரத்துல டிக் போட்டிருந்தாங்க. டேட்டாபேஸ்ல பேருக்கு ஒண்ணு, விண்ணப்பத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு டேபிள் போட்டு, நடுவுல ஒரு பொது நம்பரை (கீ) வச்சு இணைக்கத் தெரியாத வெண்டாருக்கு, அதான் சிஸ்டம் செஞ்சு குடுத்த கம்பெனிக்கு, அந்த நோட்டைக் காட்டணும்னு தோணுச்சு. டேட்டா மைக்ரேஷன், அதாவது பழைய டேட்டாவைப் புது சிஸ்டத்துக்குக் கொண்டு போறதுன்னு டெண்டர்ல எழுதும்போது டேட்டாபேஸ்ல இருக்குறதை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க, அந்த நோட்டு அலமாரியிலயே கிடக்கும், புது சிஸ்டம் வந்தப்புறம் ரெண்டாவது ஆளு வந்து நின்னா அவர் விண்ணப்பமே போடலன்னுதான் ஸ்கிரீன் சொல்லும்.



நான் பிளான்ல கூடுதலா வைக்கச் சொல்றது என்னன்னா, ஒவ்வொரு சிஸ்டத்துக்கு நேராவும் அது எப்ப சாகும்னு ஒரு தேதி, அதை நிறுத்துறதுக்கு யார் கையெழுத்து வேணும்ங்கறது, நிறுத்துறதுக்கு எவ்வளவு காசு ஆகும்ங்கறது. எஸ்டோனியாவுல பொதுத்துறையோட முக்கியமான ஐடி எதுவும் 13 வருஷத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாதுன்னு ஒரு கொள்கையே வச்சாங்க, அந்த நம்பர் சரியா தப்பான்னு வாதாடலாம், ஆனா முடிவுத் தேதின்னு ஒண்ணு இருந்தாத்தான் வெண்டார்கிட்ட ஒப்பந்தம் போடும்போதே டேட்டாவை எந்த ஃபார்மட்ல திருப்பித் தரணும், டேபிள் அமைப்பு டாக்குமெண்ட் யார்கிட்ட இருக்கணும், சோர்ஸ் கோடு (புரோகிராமை எழுதின மூலம்) யாருக்குச் சொந்தம்னெல்லாம் கேக்கத் தோணும். ஒப்பந்தம் முடியுற வருஷத்துல போய்க் கேட்டா அவங்க சொல்றதுதான் விலை.

போன பிளான்ல இதை வச்சப்ப நிதிப்பிரிவு மேடம் நேராவே கேட்டாங்க, "ஓட்டுறதுக்கு காசு கேக்குறீங்க சரி, நிறுத்துறதுக்கு எதுக்கு சார் காசு?" பழைய ரெக்கார்டை சட்டப்படி இத்தனை வருஷம் வச்சிருக்கணும், ஆடிட் வந்தா தேடி எடுத்துக் காட்டணும், அதுக்கு படிக்க மட்டும் முடியுற மாதிரி ஒரு ஆர்க்கைவ் வேணும், அதோட இந்த சிஸ்டத்துக்கிட்ட டேட்டா வாங்குற மத்த பிரிவுங்க எல்லாம் அவங்க பக்கம் மாத்திக்கணும், அவங்களுக்கும் அதுக்கு ஆளும் நேரமும் வேணும்னு ஒவ்வொண்ணா சொன்னேன். டேட்டா மாத்துறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆர்க்கைவுக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்னு எழுதிட்டாங்க, ஃபைல் இப்பவும் அங்கதான் இருக்கு, நானும் வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் போட்டுக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.