‘போல’ வந்தா போதுமா? சித்தியின் டியூஷன் டைரி

ஜூலை 3, வியாழன்

அக்கா பொண்ணு பத்தாவது. தமிழ்ல அணி, அதான் பாட்டுல வர்ற உவமை உருவகமெல்லாம், கேட்டா மார்க் போகுதாம், இங்கிலீஷ்ல தீம் எழுதச் சொன்னா அங்கயும் போகுதாம், "சித்தி நீதான் எப்பப் பாத்தாலும் எதையாவது படிச்சிட்டே இருக்கியே, சொல்லிக்குடு"ன்னு நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டா. நோட்டைப் புரட்டிப் பாத்தா இவ கணக்கு புரிஞ்சிடுச்சு. எந்தப் பாட்டா இருந்தாலும் மொதல்ல போல, அன்ன, ஒப்ப எங்க இருக்குன்னு தேடுறா, கெடச்சா அடில பென்சில் கோடு, பக்கத்துல "உவமையணி". கெடைக்கலன்னா "உருவக அணி". அவ்ளோதான். பாதி நேரம் இது சரியாவே வந்துடுது, அதான் வம்பு.

மலர்முகம், முகமலர் ரெண்டையும் எழுதிக்காட்டி என்ன வித்தியாசம்னு கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே, திருப்பிப் போட்டிருக்காங்க"ங்கறா. அடியே, எது கடைசில நிக்குதுன்னு பாரு. மலர்முகத்துல கடைசில நிக்கிறது முகம், மலர் சும்மா தொணைக்கு வந்திருக்கு, நடுவுல 'போன்ற' ஒளிஞ்சு கெடக்கு. முகமலர்னா முகமே மலரா ஆயிடுச்சு, மொதல்ல சொன்னது உவமைத்தொகை, இது உருவகம். இத மட்டும் டக்குனு புடிச்சிக்கிட்டா, பவளவாய் வாய்ப்பவளம்னு அவளே சொன்னா.

ஜூலை 4, வெள்ளி

இன்னிக்கு ஒரே ஒரு குறள்தான்.

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு

"போல வந்திருக்கு, உவமையணி, நண்பன்னா உதவணும், முடிஞ்சுது சித்தி". அரை நிமிஷம் கூட ஆகல. தொல்காப்பியத்துல உவமை எதை வச்சு வரும்னு நாலு சொல்லியிருக்கு, வினை, பயன், மெய், உரு. செயல், பலன், வடிவம், நிறம், இந்த நாலுல இது எதுன்னு கேட்டேன். வினைன்னு சரியா சொன்னா. என்ன வினை? "புடிக்கிறது". எப்படிப் புடிக்கும்? கொஞ்ச நேரம் மோட்டுவளையப் பாத்துட்டு இருந்தவ தானாவே கை எடுத்து இடுப்புக்கிட்ட கொண்டு போனா பாருங்க, அங்கதான் அவளுக்கு வெளங்குச்சு. துணி நழுவுனா கை யோசிக்காது, போகவான்னு கேக்காது, அதுபாட்டுக்குப் போயிடும். அப்புறம் அவளே, "அது அவனோட சொந்தக் கைதானே சித்தி, அப்ப நண்பன் வேற ஆளே இல்லையா?"ன்னா. எனக்கு சிரிப்பும் வந்துச்சு கொஞ்சம் பொறாமையும் வந்துச்சு, நான் பத்தாவது படிக்கும்போது இப்படியெல்லாம் கேட்டதே இல்ல.

ஜூலை 6, ஞாயிறு

தீம் விவகாரம். எந்தக் கவிதைக்கும் தீம் என்னன்னா 'காதல்', 'இயற்கை', 'நட்பு'ன்னு ஒத்த வார்த்தைல எழுதி வச்சிருக்கா. ஒத்த வார்த்தை வெறும் தலைப்புடி, காதலப் பத்தி இந்தப் பாட்டு என்ன சொல்லுதுன்னு ஒரு முழு வாக்கியமா எழுதுனாதான் மையக்கருத்துன்னு சொன்னேன். இதுல கூடவே ஒரு குழப்பம், அவ தீமுக்கு 'கருப்பொருள்'னு எழுதுறா. இப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க, ஆனா அதே பொண்ணு, குறிஞ்சி முல்லைன்னு நிலத்த அஞ்சா பிரிக்கிற ஐந்திணைப் பாடத்துல கருப்பொருள்னா தெய்வம், மரம், பறவை, பறைன்னு மனப்பாடம் பண்ணியிருக்கா, ரெண்டும் எப்படி ஒரே பேர்ல வரும்னு அவளுக்குத் தோணவே இல்ல. அகப்பாட்டுல, அதான் காதல் பாட்டுல, தீமுக்குக் கிட்ட வர்றது உரிப்பொருள்தான், புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். நான் மையக்கருத்துன்னே எழுதச் சொல்லிட்டேன், சண்டை எதுக்கு.

அப்புறம் குறுந்தொகை 40. இதத் தெரியாதவங்க யாரு.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

செம்மண்ணுல விழுந்த மழத்தண்ணி மாதிரி நெஞ்சு ரெண்டும் கலந்துடுச்சுங்கறான். இவ 'உரு'ங்கறா, தண்ணி செவப்பாயிடுதுல்ல, நிறம்தானே. நான் 'வினை'ங்கறேன், 'கலந்தனவே'ன்னு பாட்டே சொல்லுதே. கால் மணி நேரம் இதுலயே போச்சு, யாரும் விட்டுக்குடுக்கல. கடைசில அவ ஒண்ணு சொன்னா, மழத்தண்ணி விழறதுக்கு முன்னாடி அதுக்கு நிறமே கெடையாது, விழுந்தப்பறம் பிரிக்கவும் முடியாது, ரெண்டும் சேர்த்துத்தான் வேணும்னு. சரிம்மா.

மையக்கருத்து எழுதுன்னா, "அறிமுகமே இல்லாத ரெண்டு பேர் காதலிச்சா ஒண்ணாயிடுவாங்க"ன்னு எழுதுனா. ஓகே தான். ஆனா இந்தப் பாட்டுக்குக் கீழ ஒரு கூற்று இருக்கு, தலைவன் பிரிஞ்சு போயிடுவானோன்னு தலைவி பயந்துட்டா, அவ முகம் மாறினதப் பாத்துட்டு அவன் சொன்னதுன்னு. அதப் படிச்சுக் காட்டிட்டுப் பாட்ட மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூணாவது வரில நிறுத்திட்டா. "அப்ப இவன் பெருமையா சொல்லல, சமாதானப்படுத்துறான்"னா. அடுத்து எழுதுன வாக்கியம்: "பிரியவே முடியாதுன்னு சொல்லித்தான் பயத்தப் போக்க முடியும்." முன்னாடி எழுதுனத அடிக்கல, பக்கத்துலயே இருக்கட்டும்னுட்டேன்.

பாடினவர் பேரு தெரியாம இந்த உவமையையே பேரா வச்சு செம்புலப்பெயனீரார்னு சொல்றாங்கன்னதும் "செம கெத்து"ன்னா.

ஜூலை 9, புதன்

தலைவலி, கம்மியாதான் படிச்சோம். சிலப்பதிகாரக் கொடி. மதுரைக்குள்ள கோவலனும் கண்ணகியும் நுழையறாங்க, மதில் மேல கொடி 'வாரல்'னு, வராதீங்கன்னு கை காட்டுற மாதிரி ஆடுது. இவ "கொடி பேசுது, அதான் அணி"ன்னு எழுதியிருக்கா. கொடி எங்கடி பேசுச்சு, அது காத்துக்குத்தான் ஆடுது, எல்லா நாளும் ஆடுற அதே ஆட்டம். வரப்போறது என்னன்னு தெரிஞ்ச புலவர் தன் மனசுல இருக்கறத அது மேல ஏத்தி வைக்கிறாரு, பேர்லயே இருக்கே, தற்குறிப்பேற்றம். எதை ஏத்துறாருன்னு பாத்தா கதை எங்க போகுதுன்னு கொடியிலயே தெரிஞ்சிடும்.

பிறவிப் பெருங்கடல் குறளும் தொட்டோம். பிறவிய கடலா சொன்னவர் இறைவன் அடிய படகா சொல்லல, பாதி உருவகம் பண்ணிட்டுப் பாதிய விட்டுட்டாரு, அதான் ஏகதேச உருவகம். படகை நாமதான் போட்டுக்கணும்.

ஜூலை 12, சனி

இன்னிக்கு வேணும்னேதான் குறுந்தொகை 25 எடுத்தேன், கபிலர்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

எதிர்பாத்த மாதிரியே 'அன்ன'க்கு அடில கோடு. தினைத்தாள் மாதிரி கால், மெய்யும் உருவும் சேர்ந்த உவமைன்னு சொன்னா, ஒல்லியா பச்சையா இருக்கும்னு விளக்கமும் குடுத்தா. எல்லாம் சரி. பாட்டுல பேசற பொண்ணு என்ன கஷ்டத்துல இருக்கான்னு கேட்டேன். அவன் ஏமாத்திட்டா கேக்க ஆளில்ல, அந்த நேரம் அங்க யாருமே இல்ல, ஒரே ஒரு கொக்கு இருந்துச்சு. சரி அந்தக் கொக்கு என்ன பண்ணிட்டு இருந்துச்சு? "மீன் பாத்துட்டு இருந்துச்சு". சொல்லிட்டு அப்படியே நின்னுட்டா. "ஐயோ சித்தி, அது இவங்களப் பாக்கவே இல்ல!"

கோடு போட்ட எடத்துல கால்தான் இருந்துச்சு, அந்தத் தலைவியோட பரிதாபம் முழுக்க அடுத்த வரில கோடு போடாம கெடந்துச்சு. ஒத்த சாட்சி, அதுக்கும் ஆரல் மீன் மேலதான் கண்ணு. அவனுக்கும் அந்தக் கொக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு கூட அவ நெனைச்சிருக்கலாம், இது நான் சேர்த்துச் சொன்னது, பாட்டுல நேரா இல்ல. இவ ஒத்துக்கல. "அவன் திரும்ப வரலாம், அவ 'பொய்ப்பின்', பொய்யாக்கிட்டா அப்படின்னுதான சொல்றா, பொய் சொல்லிட்டான்னு சொல்லலையே"ன்னு சொல்லோட கடைசிய மட்டும் புடிச்சு என்னையே மடக்கிட்டா. நியாயம்தான், அந்த 'இன்'ல தான் பாட்டே தொங்குது.

ஜூலை 17, வியாழன்

டெஸ்ட் பேப்பர் வந்துச்சு. அதே உடுக்கை குறள், அணியக் கண்டுபிடிச்சு விளக்குக, ரெண்டு மார்க். இந்த மகராசி முக்கால் பக்கம் எழுதியிருக்கா, கை எப்படிப் போகும், யாரோட கைன்னு ஆரம்பிச்சு. ரெண்டுக்கு ரெண்டு போட்டு பக்கத்துல "இவ்வளவு தேவையில்லை"ன்னு செவப்பு மையில எழுதியிருக்கு, கடைசி கட்டுரைக்கு நேரமில்லாம அஞ்சு மார்க் போச்சு. அக்கா என்னைத்தான் திட்டுறா. திட்டட்டும், ரெண்டு மார்க்குக்கு நாலு வரின்னு சொல்லிக்குடுக்காதது என் தப்புதான்.

ராத்திரி பத்தரைக்கு போன்ல மெசேஜ். "சித்தி அந்தக் கொக்குக்கு மீன் கெடச்சுச்சா?"

புத்தகத்த எடுத்து மறுபடி பாத்தேன். 'பார்க்கும்'னுதான் இருக்கு.