லிப்பி படம் இல்லையாம்: ஒரு மாதா பலகைக்குப் பெயர் வாங்கிய கதை

ஒருவழியாக நிபுணரின் அறிக்கையில் கையெழுத்து விழுந்துவிட்டது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பிலிப்போ லிப்பி வரைந்தது என்று ஒரு ஃபுளோரன்ஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த மாதா படம், இனி அவரையும் அவர் காலத்து ஓவியர் பெசெல்லினோவையும் பின்பற்றிய பட்டறையின் படம். நான் வேலை பார்க்கும் சீரமைப்புக் கூடத்துக்குச் சுத்தம் செய்ய வந்த பலகை அது. யார் வரைந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மரம், வண்ணச் சோதனைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. பாப்லர் பலகை, முட்டைக்கரு வண்ணம், ஒளிவட்டத்தில் தங்க ரேக்கு. 15-ஆம் நூற்றாண்டுக்கு ஒவ்வாதது எதுவும் இல்லை. பாப்லருக்கு, மர வளையங்களை வைத்து வயது கணிக்கும் ஆய்வு பெரும்பாலும் உதவாது, அதற்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

வம்பு, வண்ணத்துக்கு அடியில் உள்ள கோடுகளைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில் ஆரம்பித்தது. ஆய்வகம் அனுப்பிய படம் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் அளவுகோல் இல்லை! கேட்டால், “எல்லாக் கோடும் தெரிகிறதே, இன்னும் என்ன வேண்டும்?” என்றார்கள். கோடு தெரிந்தால் போதாது. இந்தப் பட்டறைக்காரர்கள் ஒரே வரைபடத்தை, அதாவது ஒரே மாதிரிக் கோட்டோவியத்தை வைத்துப் படம் படமாகப் போட்டவர்கள். குழந்தையின் தோளிலிருந்து குதிகால் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால்தானே மற்றப் பிரதிகளோடு ஒப்பிட முடியும்? பலகையை மறுபடி பொதிந்து, காப்பீடு போட்டு, திரும்பவும் கொண்டுபோனோம். முன்பணம் கட்டும்போதே அளவுகோல் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்த மற்றப் பிரதிகளைத் தேடப் பழைய புகைப்படங்கள். பொலோன்யாவில் உள்ள ஃபெதெரிகோ ட்ஸேரி அறக்கட்டளையின் தொகுப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம், பெரிய உதவி. நேரில் போன இன்னொரு காப்பகத்தில்தான் ஒரு நாள் வீணானது. “லிப்பி பெட்டி கேட்டீர்கள், லிப்பி பெட்டி தந்தாயிற்று” என்று எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஓவியர் பெயர்ப்படி பெட்டிகள்; யார் வரைந்தது என்று அறிஞர்கள் கருத்தை மாற்றினாலும் புகைப்படம் பழைய பெட்டியிலேயே கிடக்கும். லிப்பி, பெசெல்லினோ, பியர் ஃபிரான்செஸ்கோ ஃபியோரென்டினோ, ‘பெயர் தெரியாத ஃபுளோரன்ஸ் ஓவியர்’ என்று எல்லாப் பெட்டிகளையும் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். ஃபியோரென்டினோ பாவம், ஓவியம் வரைந்த நிஜப் பாதிரியார். அவர் கணக்கில் தவறாகச் சேர்ந்த இந்தப் பட்டறைப் படங்களைப் பிரிக்கத்தான் கலை வரலாற்றாளர் பெரென்சன் ‘போலி பியர் ஃபிரான்செஸ்கோ’ என்றொரு பெயரை உண்டாக்கினார்.

எனக்கு வேண்டிய, வேறொரு பலகையின் புகைப்படம் அந்தப் பாதிரியார் பெட்டியின் அடியில் இருந்தது. அதே ரோஜா வேலி, அதே குழந்தை, கையில் அதே தகைவிலான் குருவி. அட்டையின் பின்புறம் பென்சிலில் மூன்று பெயர்கள், இரண்டு அடிக்கப்பட்டிருந்தன. கீழே அந்தப் பலகையின் நீள அகலம். அன்றிரவே எங்கள் அகச்சிவப்புப் படத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்த்தேன். தொடை, முழங்கால், குருவியின் வால் எல்லாம் கோட்டின்மேல் கோடாக உட்கார்ந்தன. எங்கள் பலகையில் தயக்கமோ திருத்தமோ ஓர் இடத்தில்கூட இல்லை. யோசித்து வரைகிற கை அப்படிப் போகாது, நகலெடுக்கிற கைதான் போகும். அந்தக் குழந்தையும் குருவியும் பெசெல்லினோவின் கற்பனை. மூலப்படம் பாஸ்டனில், இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெசெல்லினோ 1457-இல் இறந்த பிறகும் அவருடைய வரைபடங்கள் பட்டறைகளில் ஓடிக்கொண்டே இருந்தன.

இவ்வளவுக்குப் பிறகும், பெயரை உறுதிசெய்ய வேண்டிய நிபுணர் தொலைபேசியில் “சந்தேகமே இல்லை” என்றாரே தவிர, எழுதித் தரவில்லை. வாய்வார்த்தையை யாரும் ஏற்க மாட்டார்கள். இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு அனுப்பிய பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.

குடும்பத்தாரைச் சமாதானப்படுத்துவதும் லேசாக இல்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த பழைய சீட்டில் ‘லிப்பி’ என்று இருக்கிறதே என்று பாட்டியம்மா விடவில்லை. ஃபுளோரன்ஸின் மெதிச்சி அரண்மனைச் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அங்கே லிப்பி வரைந்த பலிபீடப் படம் இப்போது பெர்லினில். அதன் இடத்தில் இருப்பது இதே பட்டறையைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பிரதி. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “சரி, எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

அந்தச் சீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் உரித்துவிடாதீர்கள். தப்பான பெயரானாலும் படம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. விற்று இத்தாலியை விட்டு அனுப்புவதாக இருந்தால், 70 வயதைத் தாண்டி 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள படத்துக்கு ஏற்றுமதி அலுவலகச் சான்று வேண்டும். அந்த விண்ணப்பத்திலும் அறிக்கையில் உள்ள பெயரே இருக்கட்டும்.