காசிமேட்டு மீனும் காலை ஆறு மணிச் செய்தியும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பை முடித்த கையோடு ஏழு செய்தித் தொலைக்காட்சிகளுக்கு விண்ணப்பித்தேன். எல்லாவற்றிலும் கேட்டது நிருபர் வேலை. ஒன்றே ஒன்று கூப்பிட்டது, அங்கும் நிருபர் இடம் காலியில்லை, "புரொடியூசர் பயிற்சிக்குச் சேர்கிறீர்களா?" என்றார்கள். என்ன வேலை என்று தெரியாமலே தலையாட்டினேன்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கச் செய்தியைக் கொடுத்து, தமிழில் 30 விநாடிக்குள் வாசிக்கும்படி எழுதச் சொன்னார்கள். நான் எழுதியதைப் பொறுப்பாசிரியர் வாய்விட்டு வாசித்தார். 48 விநாடி. "'நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது' என்பதை முடிப்பதற்குள் விளம்பரமே வந்துவிடும் அம்மா. 'என்றார்' என்று எழுதுங்கள், போதும்." எப்படியோ எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நான்கு மாதம் திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் மட்டும். ஒற்றுப்பிழை போட்டுத் திட்டு வாங்கிய காலம், அதை விடுங்கள்.

அடுத்தது ரன்டவுன். எந்தச் செய்தி முன்னால், எதற்கு எத்தனை விநாடி, எங்கே பைட் (பேட்டியிலிருந்து வெட்டிய துண்டு), எங்கே நேரலை என்ற வரிசை. அதன் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 6.30க்கு முடிக்க வேண்டுமென்றால் வானிலை 6.28க்குத் தொடங்க வேண்டும், விளையாட்டு 6.25க்கு. நேரலையில் நிருபர் ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டால், எந்தச் செய்தியைத் தூக்குவது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி அந்த நொடியே சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் விளையாட்டைத்தான் தூக்கினேன். கபடி ரசிகர்கள் மன்னிக்க.

காலைச் செய்திக்கு இரவு இரண்டரைக்கே கிண்டி அலுவலகத்தில் இருக்க வேண்டும். மெட்ரோ ஓடாத நேரம். கன்டெய்னர் லாரிகளுக்குள் மாட்டிக்கொள்வோம் என்று அலுவலகக் கார் ஓட்டுநர் எங்கள் வீடு இருக்கும் தண்டையார்பேட்டைக்கு வர மறுப்பார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அப்பா, கல்மண்டபம் வரை பைக்கில் கொண்டுவந்து, அந்தக் காரில் ஏற்றிவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்புவார்.

நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் செய்தியறிக்கை ஒரு ஏப்ரல் 15 அன்று அமைந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நம் ஊர்ச் செய்தியாயிற்றே என்று மூன்றாவது இடத்தில் வைத்து, பழைய காட்சிகளிலிருந்து பளிச்சென்று ஒன்றை எடுத்துப் போட்டேன். 'கோப்புக் காட்சி' என்று எழுத மறந்தேன்.

அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. 6.40க்கு அப்பா அழைத்தார்.

"தடை என்று வாசிக்கிறாள், பின்னால் விசைப்படகிலிருந்து கூடை கூடையாக வஞ்சிரம் இறங்குகிறது. எந்த ஊர்க் கடல் அது?"

சிறிய பைபர் படகாக இருந்தாலாவது சமாளித்திருக்கலாம். அவை தடைக்காலத்திலும் கரையோரம் போய் வரும். ஷிப்ட் பொறுப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். ஏழு மணிச் செய்தியில் அந்தக் காட்சியை எடுத்துவிட்டு வரைபடம் போட்டோம். அதற்குள் அப்பா, வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பியிருந்தார். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தார். இரண்டு பக்கமும் மங்கலாக்கி எட்டு மணிக்கு ஓட்டினோம்.

எடுத்தவர் பெயரை ஏன் போடவில்லை என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.