ஏழாம் ஆண்டு ஆய்வு: பட்டறையில் தொடங்கி சாலை வரி வரை

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கார் ஆய்வு அறிவிப்பு வந்ததும் பலர் நேராக ஆய்வு நிலையத்துக்குத்தான் நாள் குறிக்கிறார்கள். முதலில் நாள் குறிக்க வேண்டியது பட்டறைக்கு. அதற்கும் ஆய்வுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இருக்கட்டும். ஏன் என்பது கீழே புரியும்.

இங்கே பேசும் கார், டொயோட்டாவின் 1.6 லிட்டர் கொரோலா ஆல்டிஸ். 1இசட்ஆர் இஞ்சின், சிவிடி (படிகள் இல்லாமல் பெல்ட்டால் வேகம் மாற்றும்) கியர்பெட்டி, வயது ஏழு. சிங்கப்பூரில் காருக்கு 3 வயதாகும் வரை ஆய்வு கிடையாது. 3 முதல் 10 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 10 தாண்டி சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டினால் ஆண்டுதோறும். ஆக ஏழு வயதில் வருவது மூன்றாவது ஆய்வு. ரப்பர் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும் வயதும் இதுதான்.

பட்டறை எது என்பது அவரவர் விருப்பம். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி, புக்கிட் பாத்தோக் என்று எந்தப் பேட்டைக்குப் போனாலும் பட்டறைகள் வரிசையாக இருக்கும். வெளியே சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் போய்விடும் என்ற பயம் இன்னும் சிலருக்கு உண்டு. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, 2017லேயே விற்பனை முகவர்கள் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். ஆனால் வெளிப் பட்டறையின் வேலையால் ஒரு பாகம் கெட்டால் அந்தப் பழுதுக்கு உத்தரவாதம் கேட்க முடியாது. அதனால் என்ன எண்ணெய், என்ன பாகம், எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். "சர்வீஸ் பேக்கேஜ்" என்று ஒற்றை வரியில் வரும் ரசீது எதற்கும் உதவாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது என்ற கேள்வி எப்போதும் வரும். கையேட்டில் கிலோமீட்டரும் இருக்கும், மாதமும் இருக்கும். சிங்கப்பூரில் மாதக் கணக்குதான் பெரும்பாலும் சரியாக வரும். ஹவ்காங்கிலிருந்து அங் மோ கியோவுக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் காரில் இஞ்சின் குளிர்நீரின் சூட்டைக் காட்டும் ஊசி ஐந்தாறு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். எண்ணெய் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். அதற்குள் காரை அணைத்தாகிவிட்டது. உள்ளே கசிந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கும். ஆறு மாதத்தில் 4,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரின் எண்ணெய், விரைவுச்சாலையில் 8,000 ஓடிய காரின் எண்ணெயைவிட மோசமாக இருப்பது இதனால்தான்.

இந்த இஞ்சினுக்கு வடிகட்டியும் சேர்த்து மாற்றினால் 4.2 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். கடைகளில் கிடைப்பது 4 லிட்டர் டின். பட்டறைகள் ஒரு டின்னை ஊற்றி முடித்துக்கொள்ளும். அளவுகோலில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதனால் பாதகமில்லை. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதுதான் கெடுதல். கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உயவு கிடையாது. ரகத்தைப் பொறுத்தவரை 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டுமே இதற்கு ஒத்துவரும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்வதைப் பற்றியது. நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை. பின்னால் இருக்கும் எண்தான் இங்கே பேசும். 20 எரிபொருளைச் சற்று மிச்சப்படுத்தும். 30 சூட்டில் கொஞ்சம் தடித்து நிற்கும். ஜோகூருக்குப் போகும் காஸ்வே பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று நின்று நகரும் காருக்கு நான் 30 பக்கம்.

வடிகால் போல்ட்டின் தலை 14 மில்லிமீட்டர். அதன் வாஷர் ஒருமுறைதான் நசுங்கும். ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும். இறுக்கும் அளவு 37 நியூட்டன் மீட்டர். இந்த ஒரு போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கவே விடக்கூடாது. எண்ணெய்த் தொட்டி அலுமினியமாக இருந்தால் மரை சிதைந்து, சில காசு வாஷரில் முடிய வேண்டிய வேலை தொட்டியையே மாற்றுவதில் போய் நிற்கும். எண்ணெய் வடிகட்டி பழைய காலத்து இரும்பு டப்பா அல்ல, காகிதச் சுருள். பாக எண் 04152-37010. அதோடு பெரியதும் சிறியதுமாக இரண்டு ரப்பர் வளையங்கள் வரும். அவசரத்தில் பழைய வளையத்தையே விட்டுவிட்டுப் புது வடிகட்டியை மாட்டுவதுதான் இந்த இஞ்சினில் அடிக்கடி நடக்கும் தவறு. மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். அதற்குமேல் இறுக்கினால் அடுத்த சர்வீஸில் கழற்றும்போது மூடி உடையும்.

இனி அந்த இரண்டு வாரம். சர்வீஸ் முடிந்த அன்றிரவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடத்தில் இஞ்சினுக்கு அடியில் பழைய தமிழ் முரசுத் தாளை விரித்துவிடுங்கள். காலையில் கறை எங்கே, என்ன நிறம் என்று பாருங்கள். இடப்பக்கம் நிறமற்ற நீர் சொட்டியிருந்தால் அது ஏர்கான் தண்ணீர், நல்லதுதான். சொட்டாமல் பயணி காலடிக் கம்பளம் நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் ரேடியேட்டர் நீர். பழுப்பும் பிசுபிசுப்பும் என்றால் இஞ்சின் எண்ணெய். சக்கரத்தின் அருகே எண்ணெய்போல வழுக்கும் ஈரம் இருந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். புதுக் கசிவு தலைகாட்ட நாள் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. அடியில் எண்ணெய் வழியும் கார் ஆய்வில் தேறுவது கடினம்.

பிரேக் எண்ணெயை யாரும் நினைப்பதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் உள்ளே ஆவிக் குமிழ் உருவாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது போதும், ஒரு லிட்டர் தாராளம். ஆய்வுக்கு முந்திய சர்வீஸிலேயே சேர்த்துச் செய்தால் இரண்டாண்டுக் கணக்கும் தானாகவே நினைவில் நிற்கும். பிரேக் கட்டையின் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றுங்கள். வெளிக் கட்டையை மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் நிறைய இருக்கு பாஸ்" என்று சொன்னால் உள்கட்டையையும் காட்டச் சொல்லுங்கள். கட்டைகளை அழுத்தும் காலிப்பரின் சறுக்கு ஊசிகள் காய்ந்து பிடித்துக்கொண்டால் உள்கட்டைதான் முதலில் தேயும். ஆய்வில் சக்கரங்களை உருளைகள்மேல் வைத்துச் செய்யும் பிரேக் சோதனையில் இடது, வலது பிரேக் விசை ஏறுக்குமாறாக வருவதற்கும் பெரும்பாலும் இந்த ஊசிகளே காரணம். கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவினால் சரியாகிவிடும்.

சிவிடி எண்ணெய்க்கு "ஆயுள் முழுக்க" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. இந்தக் கியர்பெட்டிக்கு சிவிடிஎஃப் எஃப்ஈ ரகம்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் உள்ளே பெல்ட் வழுக்கும். அளவுகோல் கிடையாது. எண்ணெய் ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்கும்போது, இஞ்சின் ஓட, வண்டியைச் சமமாகத் தூக்கி, வழிகால் துளையில் மெல்லிய தாரையாக வருவதைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். கொதிக்கக் கொதிக்க அளந்தால் எண்ணெய் விரிந்து அதிகம் வழிந்துவிடும், உள்ளே குறையும். வெப்பநிலையைக் கருவியில் பார்க்காமல் கையால் தொட்டுப் பார்க்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை வடித்தால் மொத்தமும் வராது, ஏறக்குறைய பாதி டார்க் கன்வெர்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும்.

பேட்டரிக்கு இங்கே இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆயுள். கொல்வது வெயிலும் இஞ்சின் அறைச் சூடும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் நலம், 12.4க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் குறை பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில். பேட்டரியை மாற்றிப் பயனில்லை. புதிது வாங்கும்போது பழையதன் மேலே அச்சிட்ட எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 55பி24எல் என்பதற்கும் 55பி24எல்எஸ் என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் எஸ் இருந்தால் முனை தடிப்பு, உங்கள் காரின் கவ்வி பொருந்தாது.

ஏர்கான் குளிரவில்லை என்றால் உடனே கேஸ் அடிக்கச் சொல்கிறார்கள். கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடித்தால் மூன்று மாதத்தில் மறுபடி அதே வரிசையில் நிற்பீர்கள். அதற்கும் முன்னால் கையுறைப் பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் கேபின் வடிகட்டியைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. விளிம்பில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் புதியதைச் செருகினால் போதும்.

பட்டறையில் கூடுதலாகச் செய்யச் சொல்லும் இஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் திரவம், நைட்ரஜன் காற்று ஆகியவற்றை மூன்று வார்த்தையில் முடிக்கலாம்: வேண்டாம், நன்றி அங்கிள்.

இரிடியம் ஸ்பார்க் பிளக்குகள் 100,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இளஞ்சிவப்பு ரேடியேட்டர் நீர் முதல்முறை 160,000 வரை. இடையில் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் அதே நிறத் திரவத்தையே சேருங்கள். அடிக்கடி குறைந்தால் சேர்ப்பதை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

ஆய்வுக்கு முந்தைய நாள் மாலை ஒரு சுற்று. டயர் பள்ளத்தின் உள்ளே குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். தேய்ந்து மேற்பரப்பு அதோடு சமமாகிவிட்டால் அது போத்தாக் (மொட்டை) டயர். ஆய்விலும் தேறாது, சட்டப்படியும் குற்றம். பிற்பகல் மழை கொட்டும் ஊரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அலைன்மென்ட் கோணியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான் மொட்டையாகும். நம்பர் பிளேட் விளக்கும் மூன்றாவது பிரேக் விளக்கும் எரிகின்றனவா என்று யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். சில வெள்ளி பல்புக்காகத் திரும்பி வருவோர் உண்டு. ஹாலஜன் கூட்டில் எல்ஈடி பல்பு மாட்டியிருந்தால் பழையதைத் திரும்ப மாட்டுங்கள். கூட்டின் வடிவம் ஹாலஜன் இழைக்காக அமைந்தது, எல்ஈடியின் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண்ணாடிப் படலம் முன்கண்ணாடியிலும் முன்பக்க ஜன்னல்களிலும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பின்னால் 25 போதும்.

காரின் பின்பெட்டியை (பூட்) காலி செய்யுங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய இரண்டு அரிசி மூட்டை பின்னால் இருந்தால் காரின் மூக்கு தூக்கும், முகப்பு விளக்கின் ஒளியும் மேலே போகும். ஸ்டீயரிங் அருகில் விளக்கின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருந்தால் அது 0வில் இருக்கட்டும்.

வீடு ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் நேராகப் போய் நிற்காதீர்கள். விரைவுச்சாலையில் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் சில நூறு டிகிரி சூடேறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். குளிர்ந்த நிலையில் அளந்தால் நல்ல இஞ்சினும் மோசமான எண்களைத் தரும். வரிசை நீளமாக இருந்தாலும் இஞ்சினை அணைக்க வேண்டாம்.

உள்ளே ஆய்வாளர் காரை எடுத்துக்கொள்வார். புகை, விளக்கின் கோணம், சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறதா, பிரேக் உருளை, பிறகு அடிப்பகுதி. அடியில் தட்டுகள் சக்கரங்களை இப்படியும் அப்படியும் அசைக்கும். சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு (பால் ஜாயிண்ட்) தளர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். ஏழு வயதில் இது சாதாரணம். சர்வீஸுக்காக வண்டியைத் தூக்கும்போதே விரலால் மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், உறையை மட்டும் மாற்றுவதோடு முடிந்திருக்கும். மணல் உள்ளே போய்விட்டால் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும்.

தேறினால் முடிவு ஆணையத்துக்கு மின்னணு முறையில் போய்விடும். காப்புறுதியும் நடப்பில் இருந்தால் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் சாலை வரியை 6 மாதத்துக்கோ 12 மாதத்துக்கோ கட்டலாம். கண்ணாடியில் ஒட்ட வட்டச்சீட்டு வரும் என்று காத்திருக்க வேண்டாம். 2017இலிருந்து அது இல்லை.