பல்கலைக்கழகத்தில் அரிச்சுவடி

பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் படிக்காத மொழியைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் புதிதாகத் தொடங்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். ரஷ்ய மொழியை நான் அப்படித்தான் முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். இப்போது கடைசி வருஷம். அந்த மொழியில் படிக்கிறேன், கட்டுரை எழுதுகிறேன், வகுப்பில் வாதாடுகிறேன். பதினெட்டு வயதுக்கு மேல் புது மொழி மண்டையில் ஏறாது என்பவர்கள் நம்மைக் குழந்தையோடு வைத்துப் பார்க்கிறார்கள். உச்சரிப்பில் குழந்தை நம்மை ஜெயித்துவிடும், சரி. ஆனால் குழந்தையிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஒரு மொழியை முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாம் அந்த வகுப்பில் போய் உட்காருகிறோம். எனக்கு அது தமிழ். அது எனக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நாலைந்து வருஷம் நிதானமாகச் சொல்லித்தருகிற பாடத்தைப் பல்கலைக்கழகத் தொடக்கநிலை வகுப்பு ஒன்றிரண்டு வருஷத்தில் முடித்துவிடும். எழுத்துகளுக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். ரஷ்ய மொழிக்கு 33 எழுத்துகள். 247 எழுத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பழகிய வடிவங்களே இங்கே வேறு ஒலியோடு வந்து நிற்கும். ஆங்கில ‘ஹெச்’ போல இருப்பதை ‘ந்’ என்று படிக்க வேண்டும், ‘சி’ போல இருப்பதை ‘ஸ்’ என்று, ‘ஒய்’ போல இருப்பதை ‘உ’ என்று.

கையெழுத்து தனிக் கதை. அச்சில் தெளிவாக வேறுபட்டு நிற்கும் ‘த்’தும் ‘ஷ்’ஷும் கூட்டெழுத்தில் எழுதும்போது மும்மூன்று கால்களோடு கிட்டத்தட்ட ஒரே முகமாகிவிடும். ஒன்றுக்கு வளைவு மேலே வரும், மற்றதற்குக் கீழே வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஆசிரியை பலகையில் எழுதும்போது வேகம் குறையாமலே ‘த்’துக்கு மேல் ஒரு சின்னக் கோடும் ‘ஷ்’ஷுக்குக் கீழ் ஒரு சின்னக் கோடும் இழுத்துக்கொண்டே போவார். ரஷ்யர்கள் பலர் இப்படி எழுதுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் அந்தக் கோடுகளை உடனே பிடித்துக்கொண்டேன். பாடக் குறிப்பு முழுவதையும் கூட்டெழுத்திலேயே எழுதப் பழகினேன். தொடக்கநிலை மாணவர்கள் பலர் அச்செழுத்தையே பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருப்பார்கள். அதில் நேரம் போகும், கையும் வலிக்கும், ஆசிரியர் திருத்தி எழுதித் தருவதையும் படிக்க முடியாது.

இனி நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஒரு மொழிப் பயிற்சி நிறுவனம் உண்டு. ஆங்கிலம் பேசும் ஓர் அதிகாரி வேலைக்குப் போதுமான அளவு தேற ஸ்பானிய மொழிக்கு 600 முதல் 750 வகுப்பு மணிநேரம், ரஷ்ய மொழிக்குச் சுமார் 1100, ஜப்பானிய, சீன, அரபு மொழிகளுக்குச் சுமார் 2200 என்று அது கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் வாரம் 8 மணி நேரம் வகுப்பு, வருஷத்துக்கு 26 வாரம் என்று வைத்துக்கொண்டால் 208 மணி நேரம் வருகிறது. அந்த வேகத்தில் 1100ஐத் தொட ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். பட்டப்படிப்பே மூன்று அல்லது நான்கு வருஷம்தான். ஆக, வகுப்பில் கிடைக்கும் நேரத்துக்குச் சமமான நேரமாவது வெளியே நாமே போட்டாக வேண்டும். இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டுப் பார்ப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் மொழி தானாக வந்துவிடும் என்று இருப்பவர்கள்தான் முதல் செமஸ்டர் நடுவில் காணாமல் போகிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ரஷ்ய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு 6 வேற்றுமைகள். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முகம் வாடியது. ஒரே சொல்லின் வால் ஏன் வாக்கியத்துக்கு வாக்கியம் மாற வேண்டும் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. நாம் ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று ஒப்பித்தவர்கள். விளியையும் சேர்த்து எட்டு வேற்றுமை நம் வாயில் யோசிக்காமலே புழங்குகிறது. வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்று வால் மட்டுமா மாறுகிறது, உடம்பும் கொஞ்சம் மாறுகிறது. ‘பேனாவால் எழுதினேன்’ என்பதில் நாம் ‘ஆல்’ போடுகிற இடத்தில் ரஷ்ய மொழியும் தன் கருவி வேற்றுமையின் உருபைச் சொல்லின் கடைசியில்தான் ஒட்டுகிறது.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வாக்கியம் அமையும் விதம். எங்கள் பாடநூல் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்காக எழுதப்பட்டது. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதைச் சொல்ல ரஷ்ய மொழியில் ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் தொடங்க வேண்டும், ‘நான்’ என்று தொடங்கக்கூடாது என்று விளக்க அந்த நூல் பக்கம் பக்கமாகச் செலவழித்திருந்தது. நான் ஓரத்தில் பென்சிலால் தமிழ் வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ‘எனக்கு இருபது வயது’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குத் தேவை’ எல்லாமே அங்கேயும் ‘எனக்கு’தான். ‘அவன் மாணவன்’ என்பதில் நாம் எந்த வினையும் போடுவதில்லை, அவர்களும் போடுவதில்லை. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்று புத்தகத்தை எழுவாயாக வைத்துத்தான் அவர்களும் பேசுகிறார்கள்.

இன்னும் நுணுக்கமாக ஒன்று. நாம் ‘புத்தகம் வாங்கினேன்’ என்று ‘ஐ’ இல்லாமல் சொல்லலாம். ‘அண்ணன் பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. ‘அண்ணனைப் பார்த்தேன்’ என்றுதான் வரும். ரஷ்ய மொழியில் ஆண்பால் பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது கிட்டத்தட்ட இதே வழக்கம். மேசையைப் பார்த்தால் சொல் மாறாது, அண்ணனைப் பார்த்தால் மாறும். அவர்கள் கணக்கில் உயிர் உண்டா இல்லையா என்பதுதான் எல்லை, அதனால் விலங்குகளும் அண்ணனோடு சேர்ந்துவிடும். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அரை நிமிஷம் போதும்.

ஒலிகளிலும் அப்படித்தான். ரஷ்ய ‘த்’தும் ‘ந்’தும் நம் ‘த’, ‘ந’ போலப் பல்லில் நாக்கு படும் ஒலிகள். ஆங்கில உச்சரிப்போடு வந்தவர்களை ஆசிரியை திரும்பத் திரும்ப நிறுத்தித் திருத்தினார். மெய்யெழுத்துகளை வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கிற பிரிவு ஒன்று அந்த மொழியில் உண்டு. கடைசி மெய்யை மென்மையாக, அதாவது நாக்கின் நடுவை மேலே தூக்கி ஒலித்தால் ‘சகோதரன்’ என்ற சொல் ‘எடு’ என்ற வினையாகிவிடும். வலி, வழி, வளி மூன்றையும் பிரித்துக் கேட்கும் காதுக்கு நாக்கு கொஞ்சம் நகர்ந்தால் பொருள் மாறும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எல்லாரையும் படுத்துகிற ஓர் உயிர் ஒலி உண்டு, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டியது. நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. ‘பாட்டு’ என்பதன் கடைசி உகரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நாக்கைச் சற்று முன்னே நகர்த்தித்தான் நான் அதை அடைந்தேன்.

தமிழ் கைவிடுகிற இடங்களும் உண்டு. எண்ணோடு பெயர் சேரும்போது ஒரு மேசை ‘ஸ்தோல்’, இரண்டு முதல் நான்கு வரை ‘ஸ்தலா’, ஐந்திலிருந்து ‘ஸ்தலோஃப்’. இருபத்தொன்று வந்தால் மறுபடியும் ‘ஸ்தோல்’. இதற்கு நம்மிடம் இணை கிடையாது, வாயில் போட்டு மென்றுதான் ஆக வேண்டும். அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதும் அப்படித்தான். அழுத்தம் விழாத ‘ஒ’ ‘அ’ ஆகிவிடும். வினைகளில் பாதித் தூரம் தமிழ் கூட வரும். பெரும்பாலான வினைகள் அங்கே ஜோடியாக இருக்கும். ஒன்று செயல் நடந்துகொண்டிருப்பதையோ வழக்கத்தையோ காட்டும், மற்றது முடிந்ததைக் காட்டும். ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். எதிர்மறையிலும் ஏவலிலும் வழி பிரிந்துவிடும், அங்கே தனியாகத்தான் நடக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் தொடங்குபவருக்கு உண்மையான கஷ்டம் இலக்கணம் என்று நான் நினைக்கவில்லை. காலையில் ஒரு வகுப்பில் வரலாறு, அரசியல் என்று பெரிய விஷயங்களை விவாதித்துவிட்டு, மதியம் மொழி வகுப்பில் ‘இது ஜன்னல், அது கதவு’ என்று சொல்ல வேண்டியிருக்கும். மனசுக்கு இருபது வயது, வாய்க்கு மூன்று வயது. பலருக்கு இதுதான் தாங்க முடியாமல் போகிறது. பேச்சு வகுப்பில் ஒரு தடவை ஆசிரியை என்னிடம் ‘ஏன் இந்தப் படிப்பை எடுத்தாய்?’ என்று கேட்டார். மனசில் நீளமான ஒரு பதில் இருந்தது, அதற்கான வார்த்தைகள் இல்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். ‘உன்னிடம் இருக்கும் வார்த்தைகளை வைத்துச் சொல்’ என்றார். நான் சொன்னேன்: ‘எனக்குக் கதைகள் பிடிக்கும். அங்கே நிறையக் கதைகள் இருக்கின்றன. நான் அவற்றை மொழிபெயர்ப்பில் படித்தேன். இப்போது அவர்கள் எழுதியபடியே படிக்க வேண்டும்.’ குட்டிக் குட்டி வாக்கியங்கள். சொல்ல நினைத்ததில் முக்கால்வாசி அதில் வந்துவிட்டது. நினைப்பதை இருக்கும் வார்த்தைகளுக்குள் அடக்கிச் சொல்வது தனியாகப் பழக வேண்டிய திறமை என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கு உதவுபவை இணைப்புச் சொற்கள். ‘ஏனென்றால்’, ‘எனக்குத் தோன்றுவது என்னவென்றால்’, ‘ஒரு பக்கம் பார்த்தால்’, ‘சரியான சொல் தெரியவில்லை, ஆனால்’ இவற்றை முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். காய்கறிப் பெயர்கள் அப்புறம் வரட்டும்.

வார்த்தைகளைச் சேர்ப்பது பற்றி ஒன்று. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக மறக்கிறது, போகப்போக மறதி மெதுவாகிறது என்று 1885இல் காட்டினார். அதனால் மாலையில் படித்ததை மறுநாள் காலையிலேயே ஒரு தடவை தொட வேண்டும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். ‘ஆங்கி’ போன்ற செயலிகள் இதைத்தான் செய்கின்றன. நான் அட்டையில் தனிச் சொல்லை எழுத மாட்டேன். வினையை எழுதினால் அது கேட்கும் வேற்றுமையோடு சேர்த்துத்தான் எழுதுவேன். ‘உதவு’ என்பது அங்கேயும் நம்மைப் போலவே ‘கு’ கேட்கும், ‘அண்ணனுக்கு உதவினேன்’ என்பதுபோல. ‘காத்திரு’ அப்படி இல்லை. நாம் ‘பேருந்துக்காக’ என்கிற இடத்தில் அவர்கள் ‘பேருந்தை’ என்பார்கள். சேர்த்து எழுதினால்தான் பேசும்போது சேர்ந்து வரும். ரஷ்ய மொழித் தகுதித் தேர்வின் தொடக்க நிலைக்குச் சுமார் 780 சொற்களும், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கேட்கும் முதல் நிலைக்குச் சுமார் 2300 சொற்களும் போதும் என்று வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எட்டக்கூடிய அளவுதான்.

பள்ளியிலேயே அந்த மொழியைப் படித்துவிட்டு வந்தவர்களோடு பிற்பாடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டி வரும். பயப்பட வேண்டாம். அவர்களுக்குக் காது பழகியிருக்கும், பேச்சு ஓடும். நமக்கு ஒவ்வொரு உருபும் ஏன் அங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கும். எனக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு தோழி உதவினாள். எச்சங்களை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நம் பெயரெச்சம் மாதிரி ‘படித்த’, ‘படிக்கிற’ என்று வினையிலிருந்து பெயரடை உருவாக்குவது அவர்களிடமும் உண்டு.

எந்த மொழியானாலும், பெயர் கொடுப்பதற்கு முன் துறையில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு, முதல் வருஷம் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, அந்த மொழி பேசும் நாட்டில் போய்ப் படிக்கும் வாய்ப்பு எந்த வருஷத்தில் வரும். பதில்கள் திருப்தியாக இருந்தால் சேர்ந்துவிடுங்கள். விடுமுறையிலேயே எழுத்துகளைக் கையெழுத்து வடிவத்தோடு கற்றுக்கொண்டு போங்கள். முதல் வாரம் எல்லாரும் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஆசிரியர் பேசுவதைக் கவனித்துக் கேட்கலாம்.