ரசப்பொடியும் கிரயப் பத்திரமும் ஒரே எக்செல் ஷீட்ல

மிஷினுக்கு தமிழ் சொல்லிக் குடுக்குற ஒரு டீம்ல நான் வேலைக்கு சேந்த அன்னைக்கு ஒரு ஃபோல்டர குடுத்தாங்க, அதுல 2000 சொச்சம் தமிழ் ஃபைல் இருந்துச்சு. ஒவ்வொண்ணா தொறந்து படிக்கணும், அதுக்கு நேரா எக்செல்ல எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழான்னு குறிக்கணும், அவ்ளோதான் வேலை. சின்ன வயசுல இருந்து ரெண்டையும் புழங்குறவங்க தானே நாம, வீட்ல ஒண்ணு பரீட்சை பேப்பர்ல ஒண்ணு, இதுல என்ன குழப்பம் வரப்போகுதுன்னு நெனச்சு தான் ஒக்காந்தேன். மொத ஃபைல் செய்தித்தாள், எழுத்து. ரெண்டாவது மார்க்கெட்ல வியாபாரிங்க கிட்ட எடுத்த பேட்டிய கேட்டு கேட்டு அப்டியே டைப் பண்ணது, பேச்சு. மூணாவது டிவில வாசிச்ச செய்தி. வாயால தான் சொல்றாங்க, ஆனா அதுல பாதி வார்த்தைக்கு மேல யார் வாயிலயும் புழங்குறது இல்ல. நாலாவது ஒரு மேடைப் பேச்சு, கையில பேப்பர் இல்லாம பேசுனதுன்னு குறிப்பு இருந்துச்சு, ஆனா "பெரியோர்களே தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சு எதுகை மோனையோட ஓடுது, எந்த வீட்டுத் திண்ணையிலயும் யாரும் அப்டி பேச மாட்டாங்க. அதுக்கு அடுத்தது வாரப் பத்திரிகைல அச்சுல வந்த பேட்டி, ஆனா முழுக்க "சொன்னாங்க", "பண்ணேன்" தான். சாயங்காலம் திரும்பி பாத்தா பாதி வரில கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன்.

எங்க டீமுக்கு ஒரு ரிட்டயர்டு மொழியியல் பேராசிரியர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாரு, சார் கிட்ட கொண்டு போய் காட்டுனேன். திட்டுவாருன்னு நெனச்சேன், அவரு ஷீட்ட மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு "கேள்விக்குறி போட்டது தான் இதுல உருப்படியான வேலைம்மா"ன்னாரு. அப்புறம் ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாரு. 1959-ல சார்ல்ஸ் ஃபெர்குசன்னு ஒருத்தர் ஒரே சமூகத்துல உயர்ந்த வழக்கு, தாழ்ந்த வழக்குன்னு ரெண்டு அடுக்கா மொழி புழங்குறத பத்தி எழுதுனாரு, அரபி, கிரேக்கம், ஸ்விஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் இந்த நாலும் அவர் எடுத்துக்கிட்ட உதாரணம். தமிழுக்கும் அத அப்டியே வெச்சு பேசி பேசி எல்லாருக்கும் பழகிப் போச்சு, எங்க ஷீட்ல எழுத்து, பேச்சுன்னு ரெண்டே ரெண்டு வகை இருந்ததும் அதனால தான். ஆனா அதுக்கு கொஞ்ச வருஷம் கழிச்சு, 1961-ங்கிற ஒரே வருஷத்துல அமெரிக்காவுல அச்சான எழுத்துல இருந்து 500 துண்டு எடுத்து, துண்டுக்கு சுமாரா 2000 வார்த்தை, மொத்தம் பத்து லட்சம் வார்த்தைல பிரவுன் யூனிவர்சிட்டில ஒரு கார்பஸ், அதாவது ஆராய்ச்சிக்குன்னு சேத்து வெச்ச உரைத் தொகுப்பு, செஞ்சாங்க, ஹென்றி குச்சேராவும் நெல்சன் ஃபிரான்சிஸும். அதுலயே 15 வகை. செய்தி தனி, தலையங்கம் தனி, மதம் தனி, துப்பறியும் கதை தனி, காதல் கதை தனி. எல்லாமே அச்சு தான், ஆனா ஒரே சட்டில போடக்கூடாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

அப்புறம் 1988-ல டக்ளஸ் பைபர்னு ஒரு மொழியியலாளர் செஞ்ச வேலைய பத்தி சொன்னாரு, எனக்கு இந்த வேலை மேல ஆசை வந்ததே அதுல தான். அவரு இங்கிலீஷ்ல 481 டெக்ஸ்ட் எடுத்து 67 மொழிக் கூறுகள எண்ணி பாத்திருக்காரு, எது எதோட சேந்து வருது, எது வந்தா எது வராதுன்னு. இது பேச்சு இது எழுத்துன்னு நடுவுல ஒரு கோடு போட முடியாது, பல கோணத்துல அளக்கணும்னு காட்டுனாரு. ஒரு ஆளோட கடிதம் ஒரு கோணத்துல அரட்டைக்கு பக்கத்துல இருக்கும், முன்கூட்டி எழுதி வெச்சு பேசுற பேச்சு கட்டுரை பக்கமா நகரும். எனக்கு டிவி செய்தியும் மேடைப் பேச்சும் டக்குனு கண்ணு முன்னாடி வந்துச்சு.

சரி நாமளும் எண்ணிருவோம்னு ஆரம்பிச்சோம். இங்க தான் தமிழ் எங்கள நல்லா சோதிச்சுது. இங்கிலீஷ்ல நான் நீன்னு வர்ற இடத்த எண்ணுனா எவ்ளோ நெருக்கமா பேசுறாங்கன்னு ஓரளவு புடிச்சிரலாம். தமிழ்ல "நேத்து வந்தேன், பாத்தேன், போயிட்டேன்"னு ஒரு நான் கூட இல்லாம முழுக் கதையும் சொல்லிருவோம், ஆள் வினையோட வாலுல ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்போ நான்-அ எண்ணி பிரயோஜனம் இல்ல, ஏன்-ல முடியுற வார்த்தைய எண்ணணும். எண்ணுனா "தேன்" வந்து மாட்டுது, "சொல்லேன்", "வாயேன்"னு கெஞ்சுறது எல்லாம் மாட்டுது, கேள்வி கேக்குற "ஏன்" மொத ஆளா வந்து நிக்குது.

அத விட பெரிய தப்பு செயப்பாட்டு வினைல நடந்துச்சு. அரசு அறிக்கைல "வழங்கப்பட்டது", "அறிவிக்கப்படுகிறது" நெறைய வரும், வீட்டுப் பேச்சுல கிட்டத்தட்ட வரவே வராதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதனால "பட்டு", "படு"ன்னு தேடி எண்ணுற மாதிரி எழுதிட்டோம். ரிசல்ட் வந்தா பொம்பளைங்க சொன்ன வாழ்க்கைக் கதைப் பதிவுகள் அரசு அறிக்கைக்கு சமமா மேல ஏறி நிக்குது. என்னடான்னு தொறந்து பாத்தா "கஷ்டப்பட்டேன்", "ஆசைப்பட்டேன்", "பயப்பட்டேன்", "அவமானப்பட்டேன்". இதுல எதுவுமே செயப்பாட்டு வினை இல்ல, மனசு அனுபவிச்சத சொல்ற வினை. அந்த லிஸ்ட்ட ஸ்க்ரோல் பண்ணி படிச்சப்போ எனக்கு தொண்டைய அடச்சுது, கஷ்டப்பட்டேன் கஷ்டப்பட்டேன்னு ஸ்க்ரீன் முழுக்க, ஒவ்வொண்ணும் வேற வேற ஊரு வேற வேற ஆளு. ஒரே "பட்டு" தான், ஒரு பக்கம் செஞ்சவன் யாருன்னு மறைக்குது, இன்னொரு பக்கம் பட்டவ யாருன்னு சொல்லுது. எண்ணிக்கைல ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எண்ணுறதுக்கு முன்னாடி படிக்கணும்னு நாங்க எல்லாரும் பிடிவாதமா இருந்தோம், டெட்லைன் தள்ளி போனாலும் பரவால்லன்னு.

"வந்து"ன்னு ஒரு வார்த்தை. நாவல்ல "கதவருகே வந்து நின்றாள்"ன்னா அது நடந்து வந்தது. பேட்டிப் பதிவுல "நான் வந்து அப்ப வந்து சின்ன பையன்"ன்னா அங்க யாரும் எங்கயும் வரல, அடுத்த வார்த்தைய தேடுறதுக்கு எடுத்துக்கிட்ட மூச்சு அது. இத நாங்க கையால தான் பிரிச்சோம்.

எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி சமையல். பத்திரிகைல வர்ற குறிப்ப பாருங்க, "வாணலியில் எண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, வெங்காயம் சேர்த்து வதக்கவும்", எச்சமா அடுக்கிட்டே போய் கடைசில ஒரு "வும்". இந்த "வும்" மருந்து பாட்டில்லயும் இருக்கும், "குலுக்கிய பின் பயன்படுத்தவும்", பஸ்ல "படியில் பயணம் செய்ய வேண்டாம்"க்கு பக்கத்துல "சரியான சில்லறை கொடுக்கவும்"னு இருக்கும். யார் யாருக்கு சொல்றாங்கன்னே இருக்காது, மரியாதையும் கொறையாது, அதட்டலும் இருக்காது, தெரியாத ஆள் தெரியாத ஆளுக்கு சொல்றதுக்குன்னே வந்த மாதிரி ஒரு முடிவு. அதே சமையல் யூட்யூப்ல போனா "இப்ப இதுல ரெண்டு ஸ்பூன் ரசப்பொடி சேத்துக்கலாம்", "நல்லா வதக்கிக்கோங்க". சேத்துக்கலாம்னு சொல்றப்போ கரண்டி அவங்க கைல தான் இருக்கு, ஆனா நம்மளயும் அடுப்பு முன்னாடி கொண்டு வந்து நிக்க வெச்சிடறாங்க. ஒரே ரசம், ஒரே அளவு பொடி, படிக்கிறவங்க எங்க இருக்காங்கன்றது மாறுனதும் வினை முடிவு மாறிருச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சார் கிட்ட காட்டுனப்போ அவரு சிரிச்சுக்கிட்டே ரெண்டையும் ரெண்டு தடவ சத்தமா வாசிச்சாரு.

சாவு பத்தி வர்ற வார்த்தைங்க இன்னொண்ணு. தலைப்புச் செய்தின்னா "பலி", அதுக்கு கீழ செய்திக்குள்ள "உயிரிழந்தார்", பெரிய மனுஷர்னா "காலமானார்". போஸ்டர்ல "இயற்கை எய்தினார்", "இறைவனடி சேர்ந்தார்", சைவக் குடும்பம்னா "சிவலோக பதவி", வைஷ்ணவக் குடும்பம்னா "வைகுண்ட பதவி", கிறிஸ்தவக் குடும்பத்து அறிவிப்புல "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", முஸ்லிம் வீடுன்னா "வஃபாத்தானார்". பக்கத்து வீட்டுக்கு போன்ல சொல்றப்போ "தவறிட்டாரு". போஸ்டர்ல யாரும் "பலி"ன்னு போட மாட்டாங்க, போட்டா அடி விழும், செய்தி தலைப்புல யாரும் "தவறிட்டாரு"ன்னு போட மாட்டாங்க. இத யாரும் யாருக்கும் உக்காந்து சொல்லித் தர்றது இல்ல, இருந்தும் எல்லாருக்கும் தெரியும். இந்த அறிவ ஒரு மிஷினுக்கு எப்டி குடுக்குறதுன்றது தான் எங்க வேலையே, அது எனக்கு பெரிய பொறுப்பா தான் படுது.

நாவல் வந்தப்போ ஃபைலையே ரெண்டா வெட்ட வேண்டியதாச்சு, கதை சொல்ற வரி ஒரு பக்கம், பாத்திரங்க பேசுற வரி ஒரு பக்கம். கலந்து எண்ணுனா ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு சராசரி வருது, அப்டி ஒரு தமிழ யாருமே எழுதுறதும் இல்ல பேசுறதும் இல்ல.

இதெல்லாம் ஓடிட்டு இருக்கப்போ ஒரு லீவுக்கு ஊருக்கு போனேன், ஒட்டன்சத்திரம் பக்கம். அம்மா ஒரு ஆபீஸ்ல பட்டா மாறுதலுக்கு மனு குடுத்திருந்தாங்க, பதில் வந்து மூணு மாசம் ஆச்சு, சாமி படத்துக்கு பின்னாடி பத்திரமா வெச்சிருந்தாங்க. "பாஸாயிருச்சுடி, இன்னும் பட்டா தான் வரல"ன்னாங்க. வாங்கி படிச்சேன். ந.க.எண், பொருள், பார்வை எல்லாம் போட்டு கீழ ஒரே வாக்கியம், "தங்களது மனு பரிசீலிக்கப்பட்டதில், உரிய மூல ஆவணங்கள் இணைக்கப்படாத காரணத்தினால், ஏற்பதற்கில்லை என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது." அம்மா "பரிசீலிக்கப்பட்டது" வரைக்கும் படிச்சு சந்தோஷப்பட்டுட்டாங்க. பரிசீலிக்கப்பட்டு, இணைக்கப்படாத, தெரிவிக்கப்படுகிறது, மூணு "பட்டு" ஒரே வரில, யார் பரிசீலிச்சா, யார் இணைக்கல, யார் தெரிவிக்கிறா ஒண்ணுமே இல்ல. "இல்லை" மட்டும் இருக்கு, அதுவும் "ஏற்பதற்கில்லை"ன்னு வார்த்தைக்குள்ள ஒட்டிப்போய். இப்டி எழுதுறதுக்கு காரணம் இருக்குன்னு எனக்கு தெரியும், எழுதுற ஆள் நாளைக்கு மாறிப் போயிருவாரு, ஃபைல் இருக்கும், ஃபைல் தான் பேசணும். ஆனா மூணு மாசம் ஒரு பொம்பள தப்பா புரிஞ்சுக்கிட்டு வாசல பாத்துட்டு இருந்தா. "பழைய பத்திரத்தோட ஜெராக்ஸ் வெக்கல, அதனால முடியாது, அத வெச்சு திரும்ப குடுங்க"ன்னு கீழ ஒரு வரி சேத்து எழுதியிருந்தா ஃபைலுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போகல.

மூல ஆவணம் வேணும்னு பொட்டிய எறக்குனோம். தாத்தா பத்திர எழுத்தர், அம்மாவோட அப்பா. அவர் கைப்பட எழுதுன கிரயப் பத்திரம், மடிச்ச எடத்துல எல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. மேற்படிக்கு ௸ன்னு அந்த பழைய குறி, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹, கம்ப்யூட்டர் எழுத்துக்குன்னு இருக்குற யூனிகோட்ல இதுக்கெல்லாம் எடம் இருக்குன்னு எனக்கு ஆபீஸ்ல தான் தெரியும், மையில அப்ப தான் பாத்தேன். சக்குபந்தின்னு நாலு பக்கமும் யார் யார் நெலம்னு எழுதியிருந்தாரு. நான் தடவித் தடவி வாசிச்சேன், "தாங்களும் தங்கள் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்..." அந்த எடத்துல எழுத்து மங்கிப் போயிருந்துச்சு, நிறுத்திட்டேன். அம்மா அவரக்கா ஆஞ்சுக்கிட்டு இருந்தவங்க தலைய தூக்காமயே சொன்னாங்க, "தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. தாத்தா எழுதுறப்போ நகல் சரி பாக்க சின்ன புள்ளைல இவங்கள பக்கத்துல ஒக்கார வெச்சு வாசிக்க சொல்லுவாராம். அர்த்தம் தெரியுமான்னு கேட்டேன். "தெரியாம என்ன, தானமா குடுக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம், எவனும் வந்து கேக்க முடியாது"ன்னாங்க. ஒவ்வொரு வார்த்தையும் பின்னாடி வர்ற ஒரு வழக்க தடுக்க வெச்ச வேலின்னு தாத்தா சொல்லியிருக்காராம். அரசு கடிதத்துல மூணு மாசம் ஏமாந்த அதே ஆள், அத விட நூறு மடங்கு கஷ்டமான தமிழ ஒரு எழுத்து பிசகாம சொல்றாங்க.

இன்னொரு தடவ சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டேன். மனுவ ஜெராக்ஸோட திரும்ப குடுத்துட்டு திங்கக்கிழம ஆபீஸ் வந்து அத டைப் பண்ணி ஷீட்ல ஏத்துனேன். சமையக்கட்டுல ஒக்காந்து வாயால சொன்னது, பேப்பர பாக்கல, நடுவுல "அந்த கத்திய எடு"ன்னு ஒரு வரி வேற இருக்கு. வகைன்ற கட்டத்துல என்ன போடுறதுன்னு சார் கிட்ட கேட்டேன். அவரு ஹெட்போன மாட்டிக்கிட்டு மூணு தடவ கேட்டாரு, எந்த வகையும் சொல்லல, "அம்மாவுக்கு வேற என்னென்ன தெரியும், அடமானப் பத்திரம் தெரியுமா, உயில் தெரியுமா, அடுத்த தடவ போறப்போ கேட்டு வாங்கிட்டு வாம்மா"ன்னாரு. அந்த கட்டம் இன்னும் காலியா தான் இருக்கு.